முப்பது எண்ணும் வரை

காலையில் முதல் அடி வைக்கும்போது
கட்டிலடியில் யாரோ நெருஞ்சியைக்
கொட்டிவைத்தது போலிருக்கும்.
இரண்டாம் அடி பரவாயில்லை.
பத்தாவது அடியில் அடுப்பு.
காப்பி பொங்குவதற்குள்
குதிகால் என்னை மன்னித்துவிடும்,
மத்தியானம் வரை.

பத்தொன்பது வருஷமாய்
வால்பரைசோவின் குன்றுகளில் தபால் சுமக்கிறேன்.
இங்கே தெரு என்பதில் பாதி படிக்கட்டு.
வீம்புக்கு ஒருநாள் எண்ணினேன்:
என் பங்குக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
கடலைப் பார்த்தபடி வாழ்வது அழகு என்பவர்கள்
இந்தப் பையை மாட்டிக்கொண்டு
சொல்லட்டும்.

மருந்தகத்தில் ஓயார்சுன் என்ற பெண்
அவகாடோ பழுத்ததா என்று பார்ப்பவள் போல
என் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.
"இங்கேயா?"
என் பதில் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

மாத்திரை தரவில்லை.
ஒரு தாளில் பென்சிலால் மூன்று படம்.
படுக்கையை விட்டு இறங்குமுன்
முன்பாதத்தில் துண்டை மாட்டி உன் பக்கம் இழு.
உறைந்த தண்ணீர் பாட்டிலைப்
பாதத்தின் வளைவில் உருட்டு.
படி விளிம்பில் விரல்களை ஊன்றி
குதிகாலைக் கீழே தொங்கவிடு,
முப்பது எண்ணும் வரை.
"பக்கத்தில் படி ஏதும் இருக்கிறதா?" என்றாள்.
ஊருக்குப் புதிது போல.
நான் சிரித்து முடிக்கக் காத்திருந்தாள்.

பச்சைத் தகரவீட்டுக்குக் கீழே
மூன்றாம் படியைத் தேர்ந்தேன்.
கைப்பிடிக் கம்பி உண்டு, காற்று குறைவு.
பையை இறக்கிவைத்து
குதிகாலைத் தொங்கவிட்டால்
கெண்டைக்கால் முதலில் முரண்டுபிடிக்கும்,
பத்தொன்பதில் முனகும்,
இருபத்தைந்துக்கு மேல்
உள்ளே எங்கோ ஒரு முடிச்சு
யோசித்து யோசித்து அவிழும்.
எதிர்வீட்டு நாய் முன்னங்காலை நீட்டி
முதுகை வளைத்து ஒரே இழுப்பில் முடித்துவிடும்.
அதற்கு யாரும் படம் வரைந்து தரவில்லை.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றோ,
பச்சை வீட்டு ஜன்னல் திறந்தது.
எவாரிஸ்தோ. முகத்தில் பாதி சவர நுரை.
"கொடுத்துவிடுங்கள் செனோரா நெல்டா.
தினமும் என் படியில் நின்று
மேலே வரலாமா வேண்டாமா என்று தவிக்கிறீர்கள்.
வங்கிக் கடிதம்தானே?
வீடு போனால் போகட்டும், தாங்கிக்கொள்வேன்."

"கடிதமே இல்லை ஐயா.
குதிகால்."

அவர் சிரித்தார்,
அல்லது அழுதார்;
நுரை மறைத்துவிட்டது.

மறுநாள் மூன்றாம் படியில்
செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டில்,
உள்ளே கல்லாய் உறைந்த தண்ணீர்.
அதற்கடுத்த நாளும்.
காலணியைக் கழற்றி உருட்டுவேன்.
அவர் மேலிருந்து எண்ணுவார்,
இருபத்தொன்றை எப்போதும் விட்டுவிடுவார்.
இரவில் கட்டிலருகே கையூன்றாமல் நடந்தேன்.
சொல்ல யாருமில்லை, கால்களிடமே சொன்னேன்.

ஆகஸ்டு. மூடுபனியில்
கப்பல்களுக்குக் குரல் மட்டும் இருந்தது.
பைக்குள் நீளமான உறை, வங்கி முத்திரை,
கையெழுத்து வாங்க வேண்டிய சீட்டோடு.

மூன்றாம் படி.
பாட்டில் வைத்திருந்தார்.
பையை இறக்கினேன்.
விரல்களை ஊன்றினேன்.
குதிகாலைத் தொங்கவிட்டேன்.
மேலேயிருந்து எண்ணத் தொடங்கினார்.
இருபது. இருபத்திரண்டு.
முப்பது ஆயிற்று. நான் இறங்கவில்லை.

"இன்றைக்கு ரொம்ப வலியா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்,
"இன்னொரு முப்பது எண்ணுங்கள்."